சஸ்பெண்ட் நேரத்தில் கர்னல் திரெட் ஐ2சி-யைத் தொடுகிறது: உறைய வைப்பதா, டிரைவரே நிறுத்துவதா?

#1 நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் வழி காட்டுங்கள்.

பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏஆர்எம் போர்டு (ஏஆர்எம் செயலி உள்ள சிறு கணினிப் பலகை). தடுப்பூசி கொண்டுபோகும் குளிர்பெட்டிக்குள் வைப்பதற்கு. உள்ளே வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்வதுதான் வேலை. உணரி டிஎம்பி102 என்ற வெப்பநிலைச் சிப், ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் தொங்குகிறது. லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) 6.6. போர்டு பெரும்பாலும் சஸ்பெண்டில், அதாவது தூக்க நிலையில், இருக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஆர்டிசி (கடிகாரச் சிப்) அலாரம் எழுப்பும். 2 நிமிடம் விழித்திருந்து, சேர்ந்த தரவை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

டிரைவரை நானே எழுதினேன். அதில் ஒரு கர்னல் திரெட் (கர்னலுக்குள் தனியாக ஓடும் பணி). 30 விநாடிக்கு ஒரு முறை உணரியைப் படித்து ஒரு வளையத் தாங்கலில் போடும். விழித்திருக்கும்போது எந்தக் குறையும் இல்லை. ஆனால் சஸ்பெண்ட் ஆகும்போது சில தடவை "சஸ்பெண்டில் இருக்கும்போது டிரான்ஸ்ஃபர்" என்று ஐ2சி அடுக்கிலிருந்து ஒரு எச்சரிக்கை, கூடவே முழு ஸ்டேக் டிரேஸ். என் வாசிப்புக்குத் திரும்பி வரும் பிழை எண் −108.

எங்கோ படித்ததை வைத்து, சஸ்பெண்டின்போது திரெட் உறைந்து நிற்கட்டும் என்று லூப்புக்குள் ட்ரை_டு_ஃப்ரீஸ் அழைப்பைச் சேர்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. திரெட் உறையவே இல்லை. எதை விட்டுவிட்டேன்?

#2 கருங்கல்

வாங்க நிலாமுற்றம். முதலில் அந்த −108. அது "கதவு அடைத்தாயிற்று" என்று ஐ2சி மையம் சொல்வது. ஐ2சி அடாப்டரின் (அந்த இணைப்பை நடத்தும் வன்பொருளின்) டிரைவர் தன்னைச் சஸ்பெண்ட் ஆனதாகக் குறித்துவிட்டால், அதன்பின் வரும் எந்த டிரான்ஸ்ஃபரையும் மையம் வன்பொருள் வரைக்கும் போக விடாது. எச்சரிக்கையை ஒரு முறை எழுதிவிட்டு −108-ஐத் திருப்பும். அது வந்தது உங்கள் நல்ல நேரம். எல்லா அடாப்டர் டிரைவரும் அப்படிக் குறிப்பதில்லை. குறிக்காத ஒன்றில் இதே திரெட் ஓடியிருந்தால், கடிகாரம் நிறுத்தப்பட்ட பதிவேட்டைத் தொட்டிருக்கும். ஏஆர்எம் சிப்புகள் சிலவற்றில் அந்த ஒரு வாசிப்பிலேயே மொத்த போர்டும் உறைந்து நிற்கும். ஒரு வரி லாக் கூட மிஞ்சாது. அப்படி ஒரு பிழையை நான் இரண்டு வாரம் தேடியிருக்கிறேன்.

அடுத்து ட்ரை_டு_ஃப்ரீஸ். கர்னல் திரெட்டுகள் பிறக்கும்போதே "என்னை உறைய வைக்காதே" என்ற கொடியோடுதான் பிறக்கின்றன. 2007-இல் 2.6.23 வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். அதற்கு முன்னால் தலைகீழ்: எல்லாத் திரெட்டும் உறையும், வேண்டாதவைதான் விலக்குக் கேட்க வேண்டும். இப்போது உறைய விரும்பும் திரெட், லூப்புக்குள் நுழையுமுன் செட்_ஃப்ரீசபிள் அழைத்து அந்தக் கொடியைக் கழற்ற வேண்டும். அது இல்லாமல் ட்ரை_டு_ஃப்ரீஸை எத்தனை முறை அழைத்தாலும் அது பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிவிடும்.

ஆனால் அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம். உங்கள் லூப் எப்படிக் காத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

#3 நிலாமுற்றம்

நன்றி அண்ணா. நீங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் சேர்த்துப் பார்த்துவிட்டேன். −108 நின்றுவிட்டது. ஆனால் இப்போது சஸ்பெண்டே தோற்கிறது. மூன்று முறை முயன்றால் ஏறக்குறைய ஒரு முறை, "20.003 விநாடிக்குப் பிறகும் 1 பணி உறைய மறுக்கிறது" என்று பதிவாகி, அடியில் என் திரெட்டின் பெயர். மற்ற முறைகளில் சஸ்பெண்ட் ஆகிறது, ஆனால் 5 விநாடி, 12 விநாடி என்று இழுக்கிறது. முன்பு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

லூப் எளிமைதான்: உணரியைப் படி, தாங்கலில் போடு, ட்ரை_டு_ஃப்ரீஸ், எம்ஸ்லீப் 30000 (30 விநாடித் தூக்கம்), மறுபடி முதலிலிருந்து.

#4 தறிநூல்

அந்த எம்ஸ்லீப்தான். அது குறுக்கிட முடியாத தூக்கம். ஃப்ரீசர் (சஸ்பெண்டுக்காகப் பணிகளை உறைய வைக்கும் கர்னல் பகுதி) தட்டி எழுப்பினாலும் மீதி நேரத்தைத் தூங்கி முடித்த பிறகுதான் உங்கள் வரிக்குத் திரும்பும். ஃப்ரீசர் 20 விநாடிதான் பொறுக்கும். உங்கள் தூக்கம் 30 விநாடி. சஸ்பெண்ட் வரும் கணத்தில் மீதித் தூக்கம் 20-க்கு மேல் இருந்தால் தோல்வி, குறைவாக இருந்தால் அவ்வளவு நேரம் இழுத்துவிட்டு வெற்றி. 30-இல் 10, அதாவது மூன்றில் ஒன்று. நீங்கள் பார்த்த கணக்கு அப்படியே வருகிறது பாருங்கள்.

அந்த 20 விநாடியை மாற்ற சிஸ் அடைவின் பவர் பகுதியில் பிஎம்_ஃப்ரீஸ்_டைம்அவுட் என்று ஒரு கோப்பு உண்டு, மில்லிவிநாடியில் 20000 என்று இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கைபேசிக் கர்னலில் வேலை பார்த்த காலத்தில் அதை 60 விநாடியாக்கி ஒரு பிழையை மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். சட்டைப் பைக்குள் ஒரு நிமிடம் முழுக்க விழித்தபடி சூடாகிக் கிடக்கும் கைபேசிதான் அதன் பலன்.

உறைய வைப்பதுதான் முடிவு என்றால், எம்ஸ்லீப்பை எடுத்துவிட்டு வெயிட்_ஈவென்ட்_ஃப்ரீசபிள்_டைம்அவுட் போடுங்கள். ஃப்ரீசர் எழுப்பியவுடன் அது தானே போய் உறைந்துகொள்ளும்.

இன்னொன்று. உறைந்து கிடக்கும் திரெட்டை யாராவது கேத்ரெட்_ஸ்டாப் மூலம் நிறுத்தப் போனால், நிறுத்துபவர் திரெட் முடியட்டும் என்று காத்திருப்பார், திரெட் உருக்கப்படட்டும் என்று காத்திருக்கும். இரண்டும் நகராது. இதற்காகவே கேத்ரெட்_ஃப்ரீசபிள்_ஷுட்_ஸ்டாப் என்ற ஒன்று இருக்கிறது. உறையும் திரெட்டின் லூப் நிபந்தனையில் அதைத்தான் வைக்க வேண்டும், ட்ரை_டு_ஃப்ரீஸைத் தனியாக அழைக்கக் கூடாது. அப்புறம், பூட்டு எதையும் கையில் பிடித்துக்கொண்டு உறையக் கூடாது. அதே பூட்டை சஸ்பெண்ட் பாதையில் வேறொருவர் கேட்டால் அங்கேயே முடிந்தது.

#5 கருங்கல்

தறிநூல் சொன்னது எல்லாம் சரி. அப்படி எழுதினால் பிழை போய்விடும். ஆனாலும் இந்த டிரைவருக்கு ஃப்ரீசரே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சஸ்பெண்ட் எந்த வரிசையில் நடக்கிறது? கோப்பு முறைகள் ஒத்திசைக்கப்படும். பிறகு பிஎம் (மின் மேலாண்மை) நோட்டிஃபையர்களுக்கு, அதாவது முன்கூட்டியே தகவல் கேட்டு வைத்திருக்கும் பகுதிகளுக்கு, சொல்லி அனுப்பப்படும். அப்புறம் பயனர் பணிகள் உறையும், அதற்குப் பின் உறைய ஒப்புக்கொண்ட கர்னல் திரெட்டுகள் உறையும். அதன்பிறகே சாதனங்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். அதில் ஒரு உறுதி உண்டு: பிள்ளைக்குப் பிறகுதான் பெற்றோர். உங்கள் உணரி ஐ2சி அடாப்டரின் பிள்ளை. உங்கள் டிரைவரின் சஸ்பெண்ட் கால்பேக் (அந்த நேரத்தில் கர்னல் அழைக்கும் செயற்கூறு) முடிந்த பிறகுதான் அடாப்டரின் கால்பேக் வரும். ரெசியூமில், அதாவது எழும்போது, இதற்கு நேர் எதிர், அடாப்டர் எழுந்த பிறகுதான் நீங்கள்.

அதாவது, எந்தக் கணத்துக்கு முன் திரெட்டை நிறுத்த வேண்டும் என்று தேடுகிறீர்களோ அந்தக் கணத்தைக் கர்னல் ஏற்கனவே உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. உங்கள் சஸ்பெண்ட் கால்பேக்தான் அது. அங்கே நிறுத்துங்கள், ரெசியூம் கால்பேக்கில் தொடங்குங்கள். "இந்தச் சாதனம் தூங்குகிறது, ஆகவே இதைத் தொடும் திரெட் நிற்கிறது" என்ற உறவு உங்கள் டிரைவருக்குள்ளேயே, இரண்டு கால்பேக்கில், கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். ஃப்ரீசரை நம்பினால் அந்த உறவு எங்குமே எழுதப்பட்டிருக்காது. ஏதோ ஒரு பொது சுவிட்சு எல்லாத் திரெட்டையும் நிறுத்தும்போது உங்களுடையதும் நிற்கிறது, அவ்வளவுதான். நாளை யாராவது படித்துப் பார்த்தால் செட்_ஃப்ரீசபிள் ஏன் இருக்கிறது என்று தெரியாது. எடுத்துவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ரன்டைம் பிஎம். நாளைக்கே பேட்டரி போதவில்லை என்று, போர்டு விழித்திருக்கும்போதே உணரியை மட்டும் தூங்க வைக்கச் சொல்வார்கள். ரன்டைம் சஸ்பெண்டில் ஃப்ரீசர் கிடையாது. எந்தத் திரெட்டும் உறையாது. ஃப்ரீசரை நம்பி எழுதிய டிரைவர் அன்றைக்கு அதே −108-க்கோ அதைவிட மோசமான இடத்துக்கோ வந்து நிற்கும். சாதனத்தின் நிலையைத் தானே பார்த்து நிற்கத் தெரிந்த திரெட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எப்படி நிறுத்துவது? திரெட்டையே வைத்துக்கொள்வதானால் கேத்ரெட்_பார்க். லூப் ஒவ்வொரு சுற்றிலும் கேத்ரெட்_ஷுட்_பார்க் கேட்டு, ஆம் என்றால் கேத்ரெட்_பார்க்மீ போய் நிற்கும். நிறுத்தச் சொன்னவர், அது உண்மையிலேயே போய் நிற்கும்வரை காத்திருந்துதான் திரும்புவார். ஆனால் 30 விநாடிக்கு ஒரு முறை இரண்டு பைட் படிக்க ஒரு முழுத் திரெட் எதற்கு? டிலேய்டு வொர்க் (தாமதித்து ஓடும்படி வரிசையில் போடும் வேலை) போதும். வேலை முடிந்ததும் அடுத்த 30 விநாடிக்குத் தன்னையே வரிசையில் போட்டுக்கொள்ளும். சஸ்பெண்டில் கேன்சல்_டிலேய்டு_வொர்க்_சிங்க், ரெசியூமில் கியூ_டிலேய்டு_வொர்க். அந்த சிங்க் என்ற சொல் முக்கியம். ஓடிக்கொண்டிருக்கும் வாசிப்பு முடியும்வரை காத்திருந்துதான் அது திரும்பும். ஆகவே உங்கள் கால்பேக் திரும்பும்போது ஐ2சி-யில் உங்கள் டிரான்ஸ்ஃபர் எதுவும் பாதியில் இருக்காது.

கர்னலில் ஏற்கனவே இருக்கும் டிஎம்பி102 ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு) டிரைவரையும் ஒருமுறை படியுங்கள். அதில் பின்னணித் திரெட்டே இல்லை, கேட்டால் படித்துத் தரும். சஸ்பெண்டில் சிப்பின் ஷட்டவுன் பிட்டை ஏற்றும், ரெசியூமில் இறக்கும். சின்ன டிரைவர், பத்து நிமிடத்தில் படித்துவிடலாம்.

#6 ஏட்டுச்சுவடி

கருங்கல், இந்த டிரைவருக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் "ஃப்ரீசர் தேவையில்லாதது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கோப்பு முறைப் பக்கம் வேலை செய்பவன். கர்னல் திரெட்டுகளை உறைய வைப்பதற்கு முதல் காரணமே ஹைபர்னேட்.

ஹைபர்னேட்டில் நினைவகத்தை அப்படியே ஒரு படம் எடுக்கிறோம். படம் எடுத்த பிறகு கணினி உடனே அணைவதில்லை. அந்தப் படத்தை வட்டில் எழுத வேண்டும், அதற்குச் சாதனங்கள் மறுபடி எழுகின்றன, கர்னல் ஓடுகிறது. அந்த இடைவெளியில் ஜேபிடி2 மாதிரி ஒரு ஜர்னல் திரெட் (கோப்பு முறையின் மாற்றங்களை வட்டில் குறித்துவைப்பது) விழித்து, ஒரே ஒரு பரிவர்த்தனையை வட்டில் எழுதிவிட்டது என்று வையுங்கள். படத்துக்குள் இருக்கும் கோப்பு முறைக்கு அது தெரியாது. மறுநாள் படத்திலிருந்து எழுந்ததும், நினைவகம் ஒன்று சொல்லும், வட்டு வேறொன்று சொல்லும். கோப்பு முறை நினைவகத்தைத்தான் நம்பும், நம்பி மேலே மேலே எழுதும். அந்த நேரம் ஒரு எச்சரிக்கையும் வராது. பல நாள் கழித்து ஏதோ ஒரு அடைவு திறக்காதபோதுதான் தெரியும்.

அதனால்தான் ஜேபிடி2-வும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையில் மாற்றங்களை வட்டுக்கு அனுப்பும் ஏஐஎல் திரெட்டும் உறையும் திரெட்டுகளாக இருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் உணரிபோல ஒற்றைப் பெற்றோர்ச் சாதனம் இல்லை. கோப்பு முறை சாதன மரத்திலேயே இல்லை. அதற்கு சஸ்பெண்ட் கால்பேக் யார் கொடுப்பது?

#7 கருங்கல்

ஏட்டுச்சுவடி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, நான் பொதுப்படையாகச் சொன்னதுபோல் தொனித்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். வட்டில் எழுதும் திரெட் வேறு.

ஆனால் அங்கேயும் திரெட்டை உறைய வைப்பது சுற்றுவழிதான். நமக்கு வேண்டியது "வட்டில் இனி எதுவும் எழுதப்படாது" என்ற உறுதி. எழுதக்கூடிய ஒவ்வொரு திரெட்டையும் தேடிப் பிடித்து நிறுத்தி அதைப் பெறுவதற்குப் பதில், கோப்பு முறையையே உறைய வைத்துவிட்டால் உறுதி நேராகக் கிடைத்துவிடும். 2015-இல் சியோலில் நடந்த கர்னல் மாநாட்டில் இதுதான் பேச்சு: கர்னல் திரெட் ஃப்ரீசரை எடுத்துவிட்டு, கோப்பு முறைகளை உறைய வைப்போம் என்று. ட்ரை_டு_ஃப்ரீஸை ஏன் என்றே தெரியாமல் அங்கங்கே தூவி வைத்திருக்கிறார்கள் என்பதும் அந்தப் பேச்சிலேயே வந்த குறைதான். பத்து வருடம் கழித்து 2025-இல்தான் சஸ்பெண்டின்போது கோப்பு முறைகளை உறைய வைக்கும் வசதி கர்னலுக்குள் வந்தது. பவர் பகுதியில் ஃப்ரீஸ்_ஃபைல்சிஸ்டம்ஸ் என்ற கோப்பில் 1 எழுதினால் போதும்.

#8 புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மடிக்கணினியில் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் (தொலைக் கணினியின் கோப்புகளை இங்கே காட்டுவது) மவுன்ட் செய்திருக்கும்போது சஸ்பெண்ட் செய்தால் சில சமயம் இதே 20 விநாடிச் செய்தி வருகிறது. நான் எந்த டிரைவரும் எழுதவில்லை. இதுவும் அதேதானா?

#9 தறிநூல்

உறவுக்கார நோய். அந்த மவுன்ட்டுக்குப் பின்னால் இருப்பது ஃப்யூஸ், கோப்பு முறையைக் கர்னலுக்கு வெளியே ஒரு நிரலாக ஓட்டும் வசதி. அதன் டீமன் (பின்னணி நிரல்) ஒரு சாதாரணப் பயனர் பணி. ஃப்ரீசர் முதலில் அந்த டீமனை உறைய வைத்துவிட்டது, உங்கள் கோப்பு மேலாளரோ டீமனின் பதிலுக்காகக் குறுக்கிட முடியாத தூக்கத்தில் காத்திருக்கிறது என்றால், பதில் வரவே வராது, கோப்பு மேலாளர் உறையவும் உறையாது. பயனர் பணிகளை எந்த வரிசையில் உறைய வைப்பது என்று கர்னலுக்குத் தெரிய வழியில்லை. சஸ்பெண்டுக்கு முன் அந்த மவுன்ட்டை அவிழ்த்துவிடுவதுதான் நடைமுறை. மேற்கொண்டு பேசத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன்.

#10 நிலாமுற்றம்

கருங்கல் அண்ணா சொன்னபடி திரெட்டைத் தூக்கிவிட்டு டிலேய்டு வொர்க்காக மாற்றினேன். நிரல் பாதியாகக் குறைந்தது. சஸ்பெண்ட் உடனே ஆகிறது. இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடி ஒரு −108.

டிரேஸைப் பார்த்தால் வேலை கேன்சல் ஆன பிறகு யாரோ மறுபடி வரிசையில் போட்டிருக்கிறார்கள். தேடியதில் கிடைத்தது: சிப்பின் அலர்ட் பின்னை ஒரு இன்டரப்டில், அதாவது கர்னலை உடனே கூப்பிடும் வன்பொருள் சைகையில், கட்டியிருக்கிறேன். வெப்பம் 8 டிகிரியைத் தாண்டினால் 30 விநாடி காத்திருக்காமல் உடனே படிப்பதற்காக. அந்த இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் அதே வேலையைத் தாமதம் இல்லாமல் வரிசையில் போடுகிறது. சோதனைக்காகப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன், சூடு ஏறி அலர்ட் வந்த நேரமும் சஸ்பெண்ட் நேரமும் ஒன்றாகிவிட்டன.

#11 தறிநூல்

இதைக் கண்டுபிடித்தது நல்லது, வண்டியில் ஏறின பிறகு வந்திருந்தால் தேடவே முடியாது. பின்னணி வேலையை நிறுத்துவது ஒரு வேலை, அதை மறுபடி யாரும் தொடங்காமல் பார்ப்பது இன்னொரு வேலை. கேன்சல் முதலாவதை மட்டும்தான் செய்யும்.

6.10 முதல் டிஸேபிள்_டிலேய்டு_வொர்க்_சிங்க் வந்துவிட்டது, அது இரண்டையும் சேர்த்துச் செய்யும். நீங்கள் 6.6-இல் இருப்பதால் கையால் செய்ய வேண்டும். உங்கள் டிரைவர் கட்டமைப்பில் "தூங்குகிறது" என்று ஒரு கொடி, அதைக் காக்க ஒரு ஸ்பின்லாக் (ஹேண்ட்லர் இன்டரப்ட் சூழலில் இருப்பதால், காத்திருக்கும்போது தூங்கிவிடும் பூட்டான மியூடெக்ஸ் ஆகாது). சஸ்பெண்டில் லாக்கைப் பிடித்துக் கொடியை ஏற்றுங்கள், லாக்கை விடுங்கள், விட்ட பிறகு கேன்சல் செய்யுங்கள். லாக்கைப் பிடித்தபடியே கேன்சல் சிங்க் செய்யக் கூடாது. அது தூங்கக்கூடிய அழைப்பு. அதோடு, வேலையும் அதே லாக்கைக் கேட்கும். வேலை தன்னைத் தானே வரிசையில் போடும் இடம், ஹேண்ட்லர் போடும் இடம், இரண்டும் லாக்குக்குள் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு இடம் விட்டாலும் ஓட்டைதான்.

தூங்கும்போது அலர்ட் வந்தால் அதைத் தொலைத்துவிடவும் கூடாது, இது தடுப்பூசிப் பெட்டி. "அலர்ட் வந்தது" என்று இன்னொரு கொடியை மட்டும் குறித்துக்கொண்டு ஹேண்ட்லர் திரும்பட்டும். ரெசியூம் கால்பேக் அதைப் பார்த்து உடனே படிக்கட்டும்.

ஹேண்ட்லருக்குள் ஐ2சி-யைத் தொடும் எண்ணம் பின்னால் வந்தால் கவனம். எழுப்பும் இன்டரப்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. போர்டை எழுப்பிய அந்த இன்டரப்டின் ஹேண்ட்லர், இன்டரப்டுகள் திறந்த உடனே ஓடிவிடும். அந்த நேரம் ஐ2சி அடாப்டர் இன்னும் எழுந்திருக்காது. த்ரெடட் ஹேண்ட்லரில் உணரியைப் படிக்கும் டிரைவர்கள் பல இந்த இடத்தில்தான் விழுகின்றன. ஃப்ரீசரும் இதற்கு உதவாது, இன்டரப்ட் திரெட்டுகள் உறைவதில்லை. உங்கள் அலர்ட் எட்ஜ் வகை (சைகை மாறும் கணத்தில் மட்டும் வருவது) என்றால் வெறும் கொடி குறிப்பது போதும். லெவல் வகை என்றால் சிப்பில் போய்த் துடைக்காதவரை இன்டரப்ட் அடங்காது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

#12 நிலாமுற்றம்

எட்ஜ் வகைதான் அக்கா. கொடி, லாக் எல்லாம் போட்டாயிற்று. −108 போயே போய்விட்டது.

ஆனால் நேற்று இரவு பதிவைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பெட்டிக்குள் 5 டிகிரி. தனியாக வைத்த வெப்பமானியும் 5 என்கிறது. ரெசியூமுக்குப் பிறகு என் டிரைவர் 10 என்று பதிவு செய்கிறது. போர்டை முழுதாக ரீபூட் செய்தால் 5. சஸ்பெண்ட் ஆகி எழுந்தால் மறுபடி 10. சரியாக இரண்டு மடங்கு.

இன்னொரு விஷயம். 8 டிகிரிக்கு மேல் 10 நிமிடம் தொடர்ந்தால் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்று ஒரு விதி. சோதனையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஒலித்தது.

#13 கருங்கல்

சரியாக இரண்டு மடங்கு என்றால் ஒரு பிட் நகர்ந்திருக்கிறது. சிப்பை 13 பிட் விரிவு முறையில் வைத்து, படித்ததை மூன்று பிட் வலது பக்கம் தள்ளுகிறீர்களா? டிஎம்பி102 மின்சாரம் வந்ததும் இயல்பாக 12 பிட் முறையில்தான் எழும், அதற்கு நான்கு பிட் தள்ள வேண்டும். உங்கள் போர்டில் சஸ்பெண்டின்போது உணரியின் மின்வரி அணைகிறது என்று நினைக்கிறேன். சிப் தன் அமைப்பை மறந்து 12 பிட்டில் எழுந்திருக்கிறது, உங்கள் டிரைவர் இன்னும் 13 என்று நம்புகிறது. ஒரு பிட் குறைவாகத் தள்ளினால் மதிப்பு இரட்டிக்கும்.

ரெசியூமில் முதல் காரியமாக அமைப்புப் பதிவேட்டை மறுபடி எழுதுங்கள், அலர்ட் வரம்புகளையும். அப்புறம் கொடியை இறக்குங்கள், அதற்குப் பிறகே வேலையை வரிசையில் போடுங்கள். இந்த வரிசை ஒன்று பிசகினாலும் பழைய அமைப்பில் ஒரு வாசிப்பு நுழைந்துவிடும்.

கடிகாரம் வேறு கதை. 10 நிமிடத்தைக் கர்னலின் ஜிஃபிஸ் எண்ணியை வைத்தோ கேடைம்_கெட் கடிகாரத்தை வைத்தோ எண்ணுகிறீர்கள். இரண்டுமே சஸ்பெண்டில் நின்றுவிடும். உங்கள் போர்டு 15 நிமிடச் சுற்றில் 2 நிமிடம்தான் விழித்திருக்கிறது. விழித்த நேரம் 10 நிமிடம் சேர ஐந்து சுற்று ஆகும், அதுதான் அந்த ஒரு மணி நேரம். நேரத்தைக் கேடைம்_கெட்_பூட்டைம் கொண்டு எடுங்கள். தூங்கிய நேரத்தையும் சேர்த்து ஓடும் கடிகாரம் அது, 2011-இல் 2.6.39-இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு வாசிப்பின் நேரமுத்திரையும் அதிலேயே இருக்கட்டும். அப்போதுதான் இரண்டு வாசிப்புக்கு நடுவில் 13 நிமிட இடைவெளி இருந்தது என்பது பதிவைப் படிப்பவருக்குத் தெரியும்.

மருந்து கெட்டுப்போனதைச் சொல்ல வேண்டிய கருவி அது. இந்த ஒன்றை மட்டும் வேறு எதற்கும் முன்னால் சரிசெய்யுங்கள்.

#14 ஏட்டுச்சுவடி

சோதனை பற்றி ஒரு சொல். ஒவ்வொரு முறையும் முழு சஸ்பெண்ட் செய்து பார்க்க வேண்டியதில்லை. பிஎம் டீபக் வசதியோடு கர்னலைக் கட்டியிருந்தால், பவர் பகுதியில் பிஎம்_டெஸ்ட் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் ஃப்ரீசர் என்று எழுதினால், அடுத்த சஸ்பெண்ட் பணிகளை உறைய வைப்பதோடு நின்று, 5 விநாடி காத்திருந்து திரும்பிவிடும். டிவைசஸ் என்று எழுதினால் சாதனங்கள் தூங்குவது வரை போய்த் திரும்பும். −108-உம் உறைய மறுத்ததும் இந்த இரண்டு படிக்குள் அடங்கும். சோதனைக்கு மட்டும் வாசிப்பு இடைவெளியை 30 விநாடியிலிருந்து 1 விநாடியாக்குங்கள். இல்லையென்றால் அந்த 5 விநாடிக்குள் வேலை விழிக்கவே விழிக்காது, எல்லாம் சரி என்று ஏமாந்துவிடுவீர்கள்.

அது தேறிய பிறகு ஆர்டிசிவேக் கட்டளையை (தூங்க வைத்துக் குறித்த நேரத்தில் எழுப்புவது) லூப்பில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். கர்னலை இயக்கும்போது நோ_கன்சோல்_சஸ்பெண்ட் கொடுத்தால் சீரியல் கன்சோல் கடைசிவரை பேசிக்கொண்டிருக்கும்.

#15 நிலாமுற்றம்

இரண்டு இரவு ஓடவிட்டேன். 20 விநாடித் தூக்கம், எழுந்ததும் 10 விநாடி, மொத்தம் 1,100 சுற்றுக்கு மேல். −108 இல்லை, உறைய மறுத்த பணி இல்லை, இரண்டு மடங்கு வெப்பநிலை இல்லை. கருங்கல் அண்ணா கணித்தது சரி, மின்வரி அணைகிறது, டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளை விவரிக்கும் கோப்பில்) நானேதான் அப்படி எழுதியிருக்கிறேன். எச்சரிக்கை விதி பூட்டைமில் எண்ணுகிறது. பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், 10 நிமிடம் கடந்து அடுத்த விழிப்பிலேயே ஒலித்தது. அடுத்த விழிப்பு வரை காத்திருப்பதும் அதிகம் என்று தோன்றுகிறது. ஆகவே வரம்பு தாண்டியிருந்தால் ஆர்டிசி அலாரத்தை 15 நிமிடத்துக்குப் பதில் 3 நிமிடமாகக் குறைக்கும்படி பயனர் பக்க நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு சிறு விஷயம் மிச்சம். எழுந்த பிறகு வரும் முதல் வாசிப்பு சில சமயம் 0 டிகிரி என்று வருகிறது. அடுத்ததிலிருந்து சரி.

#16 தறிநூல்

சிப் இன்னும் முதல் அளவீட்டை முடிக்கவில்லை. டிஎம்பி102-க்கு ஒரு மாற்றம் முடிய வழக்கமாக 26 மில்லிவிநாடி, அதிகபட்சம் 35 என்று தரவுத்தாளில் இருக்கும். அது முடியும்வரை பதிவேட்டில் இருப்பது மின்சாரம் வந்தபோதைய வெற்று மதிப்பு. ரெசியூமில் வேலையைத் தாமதம் 0 என்று போட்டிருப்பீர்கள். 50 மில்லிவிநாடி கொடுங்கள். ரெசியூமுக்குள்ளேயே எம்ஸ்லீப் போட்டுக் காத்திருக்க வேண்டாம், மற்ற சாதனங்களையும் சேர்த்துத் தாமதப்படுத்தும். அலர்ட் கொடியைப் பார்த்துப் படிக்கும் பாதைக்கும் இதே தாமதம் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

#17 நிலாமுற்றம்

ஆமாம் அக்கா, அலர்ட் பாதையில் 0 என்றுதான் இருந்தது. இரண்டையும் 50 ஆக்கிவிட்டேன். இன்றிரவு மறுபடி ஓடவிடுகிறேன்.